இடுப்புக்கு மேலே மாமாவுடையது

சுவரில் இருபது வருடமாக நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்துவிட்டாள் என்ற செய்தியை மருந்துக்கடைக்காரர் மனைவிதான் கொண்டுவந்தாள். கையில் இடுப்பு ஏறாத ஒரு கவுன், வாயில் இந்தச் செய்தி. இரண்டில் எதை முதலில் பிரிப்பது என்று ஒரு கணம் தடுமாறிவிட்டுச் செய்தியைப் பிரித்தாள்.

“அக்கா, உங்களை உக்கார வச்சிட்டாங்க, தெரியுமா?”

தையலக்கா குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு யாருடையதோ ஒரு மழைக்கோட்டின் கையைக் குறைத்துக்கொண்டிருந்தாள். புதுத்துணி தைப்பது அவள் தொழில் இல்லை. அடுத்தவர் தைத்ததைப் பிரித்து, பிடித்து, இறக்கி, ஏற்றித் தருவதுதான். ஊரில் ஜனங்கள் பெருத்துக்கொண்டும் இளைத்துக்கொண்டும் இருக்கிறவரை அவள் மிஷினுக்கு ஓய்வு கிடையாது. ஊசிகளை எடுத்துக் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“எங்க உக்கார வச்சாங்க?”

“ஆஸ்பத்திரி ஹால்லதான். மாமியாருக்கு டோக்கன் வாங்கிட்டு நிமிந்து பாக்குறேன், நீங்க ஜம்முனு உக்காந்திருக்கீங்க. காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு. ஒரு ஸ்டூலு. அம்மாடி, என்னா உசரம்! பரண்ல ஏத்தி விட்ட மாதிரி.”

தையலக்கா முதலில் பார்த்தது பின்பக்கத்து அறையின் திரையைத்தான். திரைக்குப் பின்னால் தூரிகை கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

“யாரு உக்காந்தது?” என்று திரை கேட்டது.

மருந்துக்கடைக்காரர் மனைவி கவுனை மேஜையில் போட்டுவிட்டு, மழை வலுக்கிறதுக்குள்ளே போகணும் என்று நழுவினாள். மழை காலையிலிருந்து ஒரே அளவில் தூறிக்கொண்டிருந்தது. வலுப்பதாக எந்த உத்தேசமும் அதற்கு இல்லை.

திரைக்குப் பின்னால் இருந்தது தையலக்காவின் கணவர், ஓவியர். அவருக்குத் தெருவில் ‘மேதை’ என்று பெயர். வைத்தவன் பால்காரன், வைத்தது கிண்டலுக்கு. அந்த இரண்டாவது சங்கதி ஓவியருக்குத் தெரியாததால் யாராவது “என்ன மேதை, சௌக்கியமா?” என்றால் நின்று, தலையை லேசாகச் சாய்த்து ஏற்றுக்கொண்டுதான் நடப்பார். அவர் வாழ்நாளின் பெரிய காரியம் ஆஸ்பத்திரி ஹாலின் நீளச்சுவரில் இருந்தது. ‘காத்திருக்கும் மானுடம்’ என்று பெயர். நோயாளிகள் அதை க்யூ படம் என்றார்கள். மூடிய ஒரு கதவை நோக்கி ஆணும் பெண்ணுமாக ஒரு நீள வரிசை. எல்லோரும் நிற்கிறார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை, சாயவில்லை, குந்தவில்லை. அதுதான் படத்தின் உயிர் என்பார் ஓவியர். “உக்காந்துட்டா அவன் பார்வையாளன். நிக்கிறவன்தான் மனுஷன்.” இதைச் சொல்லும்போது அவர் பெரும்பாலும் சாய்வு நாற்காலியில் இருப்பார்.

வரிசையில் நான்காவதாக ஒரு கர்ப்பிணி. அது தையலக்கா. மகளைச் சுமந்திருந்த ஏழாம் மாதத்தில் பின்பக்கத்து அறையில், இடுப்பில் கைவைத்தபடி, நாள்கணக்கில் நிறுத்திவைத்து எழுதினார். உட்கார்ந்தால் துணியின் மடிப்பு மாறிவிடும் என்றார். படம் முடிந்து போய்ப் பார்த்தால் சுவரில் இருந்தவளுக்கு மூக்கு கூர்மை. கழுத்து இரண்டு விரற்கடை நீளம். மோவாயில் இருந்த தழும்பைக் காணோம்.

“இது யாருங்க?” என்று அன்று கேட்டாள்.

“இது நீ இல்ல. இது தாய்மை.”

“அப்போ கால் வீங்கினது யாருக்கு?”

இதற்கு இன்றுவரை பதில் இல்லை. மகள் வளர்ந்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள்.

போன மாதம் ஆஸ்பத்திரி மாடியில் குளியலறைக் குழாய் கசிந்தது. தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, ஓதம் அடித்தளத்திலிருந்து மேலேறி, மானுடத்தின் கால்கள் எல்லாம் காரையோடு பெயர்ந்து விழுந்தன. இடுப்புக்குக் கீழே வெறும் செங்கல். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். “முடிஞ்ச படத்துக்குத் திரும்பிப் போறவன் கலைஞன் இல்ல, வெள்ளையடிக்கிறவன்” என்றார் ஓவியர். சரி, வெள்ளையடிக்கிறவனையே விட்டுக் கால் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அதற்கும் மனசு வரவில்லை. கடைசியில் மச்சானைக் கூப்பிட்டார்.

மச்சான் என்றால் தையலக்காவின் தம்பி. மாடி அறையில் இருப்பவன். நாடகக் கம்பெனிகளுக்குப் பின்திரை எழுதுகிறவன். ஒரே திரையில் காடும் அரண்மனையும் வேண்டுமென்றால் ஒரு பகலில் முடித்துக் கொடுத்துவிடுவான். காட்டுக்குள்ளே அரண்மனைத் தூண் தெரியும், அதை யாரும் கேட்பதில்லை.

“வெறும் காலுதானே மச்சான். போய்ப் போட்டுட்டு வந்துடு” என்று சொல்லி அனுப்பினார் ஓவியர்.

அவன் போய்ப் போட்டுவிட்டு வந்து மூன்று நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஓவியர் குடைகூட எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். நனைந்து திரும்பியபோது சாப்பாட்டு மேஜையில் சூப்பும் ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. நாற்காலியை இழுத்தார். உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உன் தம்பி எங்க?”

“மேல. தூங்குறான்.”

“கொலை பண்ணிட்டு எப்படித் தூக்கம் வருது?”

“முதல்ல தலையத் துவட்டுங்க. சொட்டுது.”

“சொட்டட்டும்!”

சத்தம் கேட்டுத் தம்பி போர்வையோடு இறங்கிவந்தான். “டீ இருக்காக்கா?” என்றான். அந்த வீட்டில் என்ன தீப்பிடித்தாலும் அவன் முதலில் கேட்பது அதுதான்.

“மச்சான், நான் உங்கிட்ட என்ன சொல்லி அனுப்பினேன்?”

“காலைச் சரி பண்ணச் சொன்னீங்க மாமா.”

“பண்ணினியா?”

“பண்ணினேனே. ஒவ்வொருத்தருக்கும் பழைய போட்டோவைப் பாத்து நீங்க போட்ட மாதிரியே போட்டேன். அந்த ஒல்லி ஆளுக்கு நீங்க ரெண்டு இடதுகாலு போட்டு வச்சிருந்தீங்க. நானும் ரெண்டு இடதுகாலாவே போட்டேன். அவ்வளவு மரியாதை.”

“அது ரெண்டு இடதுகாலு இல்ல. அது மனுஷனோட தடுமாற்றம்.”

“சரி, தடுமாற்றத்தையும் ஒண்ணு விடாம போட்டிருக்கேன். போய்ப் பாருங்க.”

“பாத்துட்டுத்தான்டா வரேன்! நாலாவது ஆளு எங்க?”

“அங்கேயேதான் இருக்கு.”

“உக்காந்திருக்குடா!”

தம்பி டீக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு, “அக்கா காலுகிட்ட வந்ததும் கை ஓடலை மாமா” என்றான். “அப்போ நான் ஸ்கூல் விட்டு வருவேன். அது அந்த ரூம்ல நிக்கும். காலு ரெண்டும் பன்னு மாதிரி உப்பியிருக்கும். ஒருநாள் ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து பின்னால வச்சேன். ‘மடிப்பு போயிடும், எடுறா’ன்னு கத்தினீங்க. எடுத்துட்டுப் போயிட்டேன். இப்ப நீங்க அங்க இல்ல. அதான் திரும்ப வச்சேன்.”

தையலக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். தம்பி மேல் அவளுக்குப் பொங்கிவந்தது பாசமா எரிச்சலா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அவளுடைய தொழில்புத்தி முந்திக்கொண்டது.

“அது சரி, அது ஏன்டா அவ்வளவு உசரம்? பரண்ல ஏத்தின மாதிரின்னு ஊரே சிரிக்குதாமே.”

தம்பி நிமிர்ந்தான். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவன் போலிருந்தது. “பின்ன? இடுப்புக்கு மேலே மாமாவுடையது. அதைத் தொட நான் யாரு? ஒரு சொட்டுப் பெயிண்ட் மேல வைக்கலை. தலை இருந்த இடத்துலயே இருக்கணும், உடம்பு உக்காரணும். அப்போ ஸ்டூலுதானேக்கா வளரணும்?”

“கேட்டியா, கேட்டியா!” என்றார் ஓவியர். “வீட்டை இடிச்சிட்டு, ஜன்னலைத் தொடலைங்கிறான்.”

“கேட்டிருக்கணும்டா” என்றாள் தையலக்கா. “என்ன இருந்தாலும் அவர் படம். ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்.”

“கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாருல்ல?”

“அதுக்குத்தான்டா கேக்குறது!”

“நீ அவனுக்கு நியாயம் சொல்லாதே” என்று ஓவியர் அவள் பக்கம் திரும்பினார். “ஊரான் தைச்ச கோட்டையெல்லாம் கத்தரி போடுறவ நீ. என்னிக்காவது தைச்சவனைக் கேட்டிருக்கியா? அதான் உன் ரத்தம் இவனுக்கும் ஓடுது.”

“போட்டுக்கிறவர் வந்து கேக்குறாரு, நான் பிரிக்கிறேன். தைச்சவனை எங்க போய்த் தேடுறது?”

“தேட வேண்டாம். திட்டாமயாவது இருக்கலாம். ‘எந்தக் கசாப்புக்காரன் தைச்சது’ன்னு தினமும் எனக்குத் திரை வழியா கேக்குது.”

அதில் உண்மை இருந்ததால் அவள் ரொட்டியைப் பிய்த்தாள். ஓவியர் நாற்காலியை உள்ளே தள்ளினார்.

“முடிவாச் சொல்றேன். சனிக்கிழமை பெரிய டாக்டரைப் பாக்குறோம். அந்த ஸ்டூலு போகணும். இல்லேன்னா இவன் இந்த வீட்டை விட்டுப் போகணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு வேண்டாம்.”

“நானே போயிடுறேன் மாமா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“போ!”

“போறேன்!”

இரண்டு பேருமே போகவில்லை. ஒருவர் திரைக்குப் பின்னால் போனார், இன்னொருவன் மாடிக்குப் போனான். நடுவில் மூன்று பேர் சூப்பும் ஒருத்தியும் மிச்சம்.

தையலக்காவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. மேதை ஒரு வார்த்தை விட்டால் திரும்ப எடுக்க மாட்டார். கொள்கை ஒன்றும் கிடையாது, எடுக்கத் தெரியாது, அவ்வளவுதான். தம்பியும் அதே மண். முன்னே ஒரு தடவை இதுபோல ஒரு பேச்சில் கிளம்பிப் போனவன் நாடகக் கொட்டகையில் ஈரத்திரைகளுக்கு நடுவே படுத்து, நெஞ்சில் சளி கட்டி, அதே ஆஸ்பத்திரியில்தான் கொண்டுவந்து போட்டார்கள். அம்மா போன பிறகு அவள் கைப்பிடித்து வளர்த்த பிள்ளை. இன்னொரு தடவை போனால் பிழைத்தாலும் இந்த வாசலை மிதிக்க மாட்டான். அவளுக்கோ இரண்டு பக்கமும் இடி. மத்தளத்துக்காவது அடிப்பவர்கள் தாளம் பார்த்து அடிப்பார்கள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவள் ஒருத்திதான் தபால்காரி.

“மாமாகிட்டச் சொல்லுக்கா, கலைன்னா ஆத்து தண்ணி. யாரு வேணும்னாலும் அள்ளலாம்.”

“உன் தம்பிகிட்டச் சொல்லு, அள்ளலாம். கல்லைத் தூக்கிப் போடக் கூடாது.”

“போட்டது கல்லு இல்ல, ஸ்டூலுன்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு துணித்திரைதான் இருக்கு. நேராவே காது கேக்கும்” என்றாள் அவள். யாரும் காதில் வாங்கவில்லை.

தம்பி ஒரு பையில் துணி அடுக்கத் தொடங்கினான். ஒரே ஒரு பை. அதை மூன்று நாளாக அடுக்கினான். அக்கா மாடிப்படியில் ஏறும் சத்தம் கேட்டால் ஒரு சட்டையை எடுத்து உதறி மடித்து வைப்பான். இறங்கிப் போனதும் எடுத்து மாட்டிக்கொள்வான். ஓவியரின் உண்ணாவிரதமும் தீவிரமாகத்தான் நடந்தது. பின்பக்கத்து அறையைப் பெருக்கும்போது வண்ணக்குழாய்களுக்கு அடியில் பிஸ்கட் தூள் வந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கடைக்குப் போனபோது அதே பிஸ்கட்டில் இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கி, அலமாரியில் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தாள். விரதத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது.

வெள்ளிக்கிழமை மிஷினை மூடிவிட்டு அவளே போய்ப் பார்த்தாள்.

ஹாலில் ஈரக்குடைகளின் வாசமும் மருந்து வாசமும் கலந்து கிடந்தன. நாற்காலிகள் குறைவு, ஆட்கள் அதிகம். சுவரில் புதுக்கால்கள் வரிசையாகப் பளபளத்தன. நடுவில் அவள். தலை மற்றவர்கள் தலைக்குச் சமமாக இருக்க, அதன் கீழே உடம்பு மடங்கி, முழங்கால்கள் முன்னுக்கு வந்து, பாதங்கள் தரைக்கு வெகுதூரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அவ்வளவு உயரத்தில் ஒரு கர்ப்பிணி எப்படி ஏறினாள் என்பது யாருக்கும் புரியாத ரகசியம். ஆனாலும் அந்தப் பாதங்கள் அவளுடையவை. கட்டைவிரலை விட நீண்ட பக்கத்து விரல். இடது குதிகாலில் வெடிப்பு. மேலே ஒரு தாய்மை, கீழே ஒரு தையற்காரி. சேர்த்துத் தைத்த இடம் நன்றாகவே தெரிந்தது.

பக்கத்தில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“இந்தம்மாவுக்கு மட்டும் எப்படி ஸ்டூல் கெடச்சுது?” என்றார்.

“ஆஸ்பத்திரியில ஆளு தெரிஞ்சிருக்கும்” என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி.

“ஏன் அப்படிச் சொல்றீங்க? வயித்துல புள்ளையோட நிக்குதேன்னு குடுத்திருப்பாங்க.”

“அப்போ எனக்கு யாரு குடுத்தா? நானும்தான் ஒம்போதாம் மாசம் வரைக்கும் இங்கேயே நின்னேன். மூக்கைப் பாருங்க. பெரிய எடத்து மூக்கு.”

தையலக்கா முந்தானையோ கைக்குட்டையோ எதையாவது மூக்கில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். தேவைப்படவில்லை. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

சனிக்கிழமை பெரிய டாக்டர் தன் அறையில் பார்க்காமல் ஹாலிலேயே, சுவருக்கு முன்னால், தனக்கும் சேர்த்து நான்கு நாற்காலி போடச் சொல்லியிருந்தார். நோயாளிகளிடமிருந்து பிடுங்கிப் போட்டவை. அதனால் தொடக்கத்திலேயே சபை அவர்களுக்கு விரோதமாக இருந்தது. ஓவியர் உட்கார மறுத்தார். மாமா நிற்கும்போது தான் எப்படி உட்காருவது என்று தம்பியும் மறுத்தான். இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடக்க, முழங்கால் வலிக்காரர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரிக்குக் கலையில கருத்து கிடையாது” என்று பெரிய டாக்டர் ஆரம்பித்தார். “சுவர்ல உண்டு. சுவர் காஞ்சிடுச்சு, அதுல எங்களுக்குத் திருப்தி.”

ஓவியர் தொண்டையைச் செருமினார். “ஒரு படைப்புங்கிறது ஒரு உயிர். அதுல ஒரு மயிரிழையை மாத்துறதுன்னாலும் படைச்சவனோட வாசல்ல போய் நின்னு, கதவைத் தட்டி, அனுமதி கேக்கணும். அதுதான் நாகரிகம். இது நாள் வரைக்கும் நான் எவனோட கோட்டுலயும் கை வச்சதில்ல.”

“வச்சீங்களே மாமா” என்றான் தம்பி. “என்னோட அரண்மனைத் திரையில நிலா போட்டீங்களே.”

“அது உதவி.”

“பகல் காட்சி மாமா அது. ராஜா வெயில்ல குடை பிடிச்சுக்கிட்டு வராரு, மேல நிலா.”

ஹாலில் சிரிப்புக் கேட்டது. பெரிய டாக்டர் கையை உயர்த்தினார். “ரெண்டு தரப்பும் வருத்தப்படாம ஒரு வழி. அந்த எடத்துல ஒரு பெரிய காலண்டர் மாட்டிட்டா என்ன?”

“காலண்டரா!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

“சரி, கமிட்டி போட்டுடலாம்.”

“கமிட்டி எதுக்கு?” என்றார் ஓவியர். “நான் என்ன வரைஞ்சேனோ அது இருக்கணும். அவ நிக்கணும். நிக்கிறதுதான் அவளோட கம்பீரம்.”

“உக்காரணும் டாக்டர்” என்றான் தம்பி. “அதுதான் மனுஷத்தனம்.”

“நிக்கிறப்போதான் தாய்மை!”

“உக்காந்தா மட்டும் தாய்மை இறங்கிப் போயிடுமா?”

தையலக்கா மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். ஒரு வாரமாக அவள் வயிற்றில் சேர்ந்திருந்த சூடு மெல்ல ஏறி, கழுத்தைத் தாண்டி, வாய்க்கு வந்துசேர்ந்தது.

“கொஞ்சம் வாயை மூடுறீங்களா, ரெண்டு பேரும்!”

ஹாலே மூடிக்கொண்டது. டோக்கன் கூப்பிடுகிறவர்கூட நிறுத்திவிட்டார்.

“அவ நிக்கணும், அவ உக்காரணும்! அவ யாரு? நான்தானே? இருபது வருஷத்துக்கு முன்னால என் மூக்கைத் தீட்டி, கழுத்தை இழுத்து, தழும்பை அழிச்சு இந்த ஊர் பூரா பாக்க நிறுத்தி வச்சீங்களே, என் வாசல்ல வந்து கதவைத் தட்டினீங்களா? பெரிய நாகரிகம்! நீ? பாசமாம். கால்வெடிப்பு மொதக்கொண்டு போட்டு என்னை ஏணி உசரத்துல ஏத்தி உக்கார வச்சிருக்கே. அக்கா, ஏறிக்கிறியான்னு கேட்டியாடா? எனக்கு உசரம்னா தலை சுத்தும், தெரியுமில்ல உனக்கு?”

“படத்துல எப்படிக்கா தலை சுத்தும்...”

“பேசாதே.”

முழங்கால் வலிக்காரர் அவள் மூக்கையும் சுவரின் மூக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பெரிய டாக்டருக்கு உயிர் வந்தது. தீர்ப்பை வேறு ஒருத்தர் தலையில் இறக்கிவைக்கும் வாய்ப்பை அவர் விட்டவர் அல்ல. “அம்மா, படத்துல இருக்கறவங்க நீங்கதான்னா, நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு. நிக்கணுமா, உக்காரணுமா?”

ஓவியர் அவளைப் பார்த்தார். தம்பி அவளைப் பார்த்தான். எதைச் சொன்னாலும் ஒருத்தர் இன்று வீடு திரும்பப் போவதில்லை என்பது இரண்டு முகத்திலும் எழுதியிருந்தது.

“ரெண்டும் வேண்டாம்” என்றாள். “என்னை அழிச்சிடுங்க.”

“என்னது?”

“இருபது வருஷமா க்யூவுல நிக்கிறேன் டாக்டர். என் நம்பர் வந்துடுச்சு, உள்ள போயிட்டேன்னு வச்சுக்குங்க. ஸ்டூலு இருக்கட்டும். அடுத்தவங்க யாராவது உக்காரட்டும். கொஞ்சம் உசரத்தைக் குறைச்சு.”

முதலில் வாய் திறந்தது ஓவியர். “உனக்குப் பைத்தியமா? நாலாவது உருவத்தை எடுத்தா வரிசையோட லயமே போயிடும்!”

“மாமா சொல்றது சரி” என்றான் தம்பி பாய்ந்து. “அக்கா, நீ போயிட்டா அந்த ஸ்டூலுக்கு என்ன அர்த்தம்? வெறும் ஸ்டூலு. கடைக்காரன் போட்டு வச்சது மாதிரி இருக்கும்.”

“மச்சான், எடுத்துச் சொல்லு அவளுக்கு. ஒரு படத்துல இருந்து ஒரு ஆளை உருவுறது எவ்வளவு பெரிய அநாகரிகம்னு சொல்லு.”

“மாமா எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த முகத்தைப் போட்டிருக்காரு. நீ பாட்டுக்கு அழிங்கிறே!”

“அந்தக் காலைப் பாரு. இவன் போட்ட கால்தான். விரல் ஒவ்வொண்ணும் எப்படி உயிரோட இருக்கு பாரு!”

தையலக்கா அவர்கள் இருவரையும் வாயைப் பிளந்து பார்த்தாள். வாரம் முழுக்கத் தபால் சுமந்தும் நடக்காத சமாதானம் அவள் தலையை வாங்குவதில் நடந்துகொண்டிருந்தது. பெரிய டாக்டர் எழுந்துவிட்டார். படத்தில் இருப்பவரே ஆட்சேபித்தால் எடுத்துவிடுவதுதான் ஆஸ்பத்திரி வழக்கம் என்று அந்த நிமிடமே ஒரு வழக்கத்தை உண்டாக்கி அறிவித்துவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். அவர் கைப்பிடியை விட்ட நாற்காலியில் முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தூறல் விடவில்லை. முன்னால் ஒரே குடையில் மாமாவும் மச்சானும். பின்னால் அவள் தனியாக.

“பொம்பளைங்களுக்கு உணர்ச்சி தெரியும் மச்சான். கட்டுக்கோப்பு தெரியாது.”

“சும்மாவா மாமா? அக்கா சின்ன வயசுலயே அப்படித்தான். பிடிச்சா பிடி.”

“நீ அந்த முழங்காலுக்கு நிழல் குடுத்திருந்தே பாரு. சொல்லணும்னு நெனச்சேன். மோசமில்ல.”

“உங்ககிட்டப் பாத்ததுதானே மாமா.”

குடை அவர்கள் இருவருக்கும் போதவில்லை. ஓவியரின் வலது தோளும் தம்பியின் இடது தோளும் நனைந்துகொண்டே போயின. அன்று மேஜையில் இரண்டு பேரும் அவளோடு பேசவில்லை. ஆனால் ரொட்டி தீர்ந்து, முட்டை தீர்ந்து, சூப்புப் பானையின் அடி தெரிந்தது. “அந்தப் பெரிய பட்டைத் தூரிகை எங்க மச்சான்?” என்று ஓவியர் கேட்க, தம்பி மாடிக்கு ஓடி, அடுக்கிவைத்த பையைக் கட்டிலில் கொட்டித் தேடினான். சட்டைகள் அப்படியே கிடந்தன. அவள் போய் ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுவருக்கு முன்னால் சாரம் கட்டியிருந்தது. பலகையில் இரண்டு பேரும் தோளோடு தோள். கூர்மூக்கு போய்விட்டது. நீளக்கழுத்து போய்விட்டது. வயிறும் இடுப்பில் வைத்த கையும் தொங்கின பாதங்களும் போய், அந்த இடத்தில் காத்திருக்கும் அறையின் சாம்பல்நிறச் சுவர் வந்திருந்தது. ஸ்டூல் மனிதர் உட்காருகிற உயரத்துக்கு இறங்கியிருந்தது. வரிசையில் ஐந்தாவதாக நின்ற பெரியவர் அதையே பார்ப்பது போல இப்போது தோன்றியது. முன்பு அவர் அவளுடைய பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன்னைக் காணோம் என்று பார்ப்பதற்கு அவளுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. காலில் மட்டும் பாரம் இறங்கினது போலிருந்தது. அது நடந்துவந்த களைப்பு தீர்ந்ததாகவும் இருக்கலாம்.

மேலே ஏதோ தர்க்கம்.

“நீங்க கேளுங்க மாமா.”

“நீ கேளு. உன் அக்காதானே?”

“உங்க பொண்டாட்டிதானே?”

ஓவியர் பலகையின் விளிம்புக்கு வந்து குனிந்தார். கையில் சாம்பல் வண்ணம் தோய்த்த தூரிகை சொட்டிக்கொண்டிருந்தது. படத்துச் சுவரில் அவள் நின்ற காலத்து நிழலின் மேல்பாகம், ஓதம் எட்டாத உயரத்தில், சாய்ந்து விழுந்தபடி இன்னும் இருந்தது. ஆள் இல்லாத நிழல். கழுத்தும் மூக்கும் திருத்தாமல் விட்ட ஒரே இடம் அதுதான் போலும். மொண்ணை மூக்கு அப்படியே தெரிந்தது.

“இங்க பாரு” என்றார். அப்புறம் செருமினார். அப்புறம் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையாட்டினான். “இந்த நிழலு மட்டும்... அதை எடுத்தா அந்தப் பக்கமே வெறிச்சுனு ஆயிடுது. நீ ஒண்ணும் தப்பா நினைக்கலேன்னா... அதை அப்படியே விட்டுடட்டுமா?”

இவ்வளவு காலத்தில் அந்த மனிதர் ஒன்றைத் தொடுவதற்கு முன்னால் அவளைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் நிழலைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். மோவாய்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளம்கூட இருப்பதுபோல இருந்தது.

“கேட்டுட்டீங்கல்ல?” என்றாள்.

“கேட்டாச்சு.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“இப்பவே சொல்லிடேன். பெயிண்டு காயுது.”

“காயட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் தூக்கைச் சாரத்தின் காலடியில் வைத்தாள். ஹாலில் ஒரு நாற்காலி அப்போதுதான் காலியானது. போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டாள். மேலே பலகையில் மாமாவும் மச்சானும் தூரிகையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.